பின்பக்க ஒழுங்கைக்கும் ஒருமுறை வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியா நகரத்துப் புதிய உணவகங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். படங்கள் நல்ல வடிவு. கண்ணாடிச் சுவர், தொங்கு விளக்கு, வாசலிலேயே சுழலும் சவர்மா அடுப்பு, எல்லாம் இருந்தன. அவற்றை மனதாரப் பாராட்டிய உங்கள் கட்டுரையாளர், வாய்க்கால் மணம் போன்ற சின்னச் சின்னக் குறைகள் போகப் போகச் சரிவந்துவிடும் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். கட்டிட வேலையும் குழாய் வேலையும் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வரி சிரிப்பு. அந்தக் கடைகளுக்குப் பின்னால் குடியிருக்கும் சனத்துக்கு அது சிரிப்பாக இராது. கொழுப்பு அடைத்த வாய்க்கால் போகப் போக இறுகும் ஐயா, இளகாது.

நகரில் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு கடையும் தன் அழுக்குத் தண்ணீரைத் தன் காணிக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நடப்பது என்ன? ஒரு குடும்பம் இருந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, முன்சுவரை இடித்துக் கண்ணாடி போட்டு, இருபது மேசை போடுகிறார்கள். பின்னால் இருக்கிற உறிஞ்சு குழி மட்டும் அந்தக் குடும்பத்துக்கு வெட்டின அதே குழிதான். உள் அலங்காரத்துக்கு இலட்சக்கணக்கில் கொட்டுகிறவரிடம் கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டி, அதாவது கிறீஸ் ட்ராப், எங்கே என்று கேட்டால், சிங்குக்குக் கீழே 50 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் காட்டுவார். அனுமதிப் படிவத்தில் 'உண்டு' என்று அடையாளம் போட அந்தப் பெட்டி போதும். கொழுப்பைப் பிடிக்கப் போதாது.

கணக்கு பெரிய வித்தையல்ல. சமையலறையில் இரண்டு மூன்று சிங்கும் ஒன்றாக ஓடினால் நிமிடத்துக்கு 30 லீற்றர் வரும். எண்ணெய் மிதக்கவும் சோறும் மசாலாத் தூளும் அடியில் படியவும், அந்தத் தண்ணீர் அரை மணித்தியாலமாவது தொட்டிக்குள் நிற்க வேண்டும். அப்படியென்றால் 900 லீற்றர். நீளம் 4 அடி, அகலம் 3 அடி, தண்ணீர் ஆழம் 3 அடி என்று ஒரு தொட்டி கட்டினால் ஏறக்குறைய 1,000 லீற்றர் பிடிக்கும். 50 லீற்றர் பெட்டியில் தண்ணீர் இரண்டு நிமிடம்கூட நிற்காது. எண்ணெய் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போய்விடும்.

அளவு சரியாக இருந்தாலும் உள்வேலை பிழைத்தால் பயனில்லை. தொட்டியின் நடுவில் தடுப்புச் சுவர் வேண்டும். வெளியேறும் பக்கத்தில் ரீ எனும் மூன்றுவாய் இணைப்பைப் பொருத்தி, அதன் கீழ்வாய் அடியிலிருந்து ஓரடி உயரத்தில் நிற்க வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெயும் கீழே படியும் சேறும் உள்ளே நிற்க, நடுத்தண்ணீர் மட்டும் போகும். காசை மிச்சம் பிடிக்க ரீக்குப் பதிலாக எல்போ எனும் முழங்கை இணைப்பைப் போட்டால், குழாய் நிறைந்து ஓடும் நேரம் சைபன்போல் உறிஞ்சி இழுத்து உள்ளே இருப்பதையும் கொண்டுபோய்விடும். மலசலகூடக் குழாயை இதற்குள் சேர்க்கவே கூடாது. சேர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

இனிக் கழுவுதல். ஒரு தடியை இறக்கிப் பார்த்து, மேல் கொழுப்பும் அடிச் சேறும் சேர்ந்து ஆழத்தில் காற்பங்கை எட்டினால், அதாவது 3 அடியில் 9 அங்குலம் வந்தால், வெளியே எடுத்துவிட வேண்டும். இரவிரவாகக் கொத்தும் பிறைட் றைசும் போடுகிற கடைக்கு அது வாரத்துக்கு ஒருமுறை வரும். எடுத்த கொழுப்பை உமியிலோ மரத்தூளிலோ பிசறிப் பையில் கட்டி, குப்பை உழவு இயந்திரத்தில் ஏற்றலாம். பொரித்த எண்ணெய் வேறு, அதைக் கானில் சேர்த்து வைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு ஆளும் அரை நாளும் போதும். ஆனால் மணம் பிடிக்காமல் என்ன செய்கிறார்கள்? கொதிதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி 'கரைத்து' விடுகிறார்கள். கொழுப்பு கரைவதில்லை, இடம் மாறுகிறது. பத்துப் பதினைந்து யார் தள்ளிப்போய், தண்ணீர் ஆறிய இடத்தில் குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட என்பது கேத்தலின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கல்சியமும் கொழுப்பும் சேர்ந்தால் உருவாவது ஒருவகைச் சவர்க்காரக் கட்டி. வெள்ளையாய், சுண்ணாம்புபோல் இறுகும். கம்பி விட்டாலும் துளைதான் விழும், கட்டி வராது. குழாயையே வெட்டி மாற்ற வேண்டும்.

உறிஞ்சு குழிக்குள் எண்ணெய் போனால் அதைவிட மோசம். மண்ணின் கண்கள் அடைபட்டுக் குழி நிரம்பி நிற்கும். பவுசர் வந்து உறிஞ்சிப் போன மறுகிழமையே மறுபடி நிரம்பும். அதற்குப் பிறகுதான் இரவில் ஒரு குழாய் தெருவாய்க்காலுக்கு நீளும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி விடச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். நகரத்துச் சின்னக் காணியில் அந்த 50 அடி அடுத்த வீட்டுக் கிணற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. இங்கே அதிகம் ஆழம் போகாமலே பாறை வரும், பாறை வெடிப்பால் போகும் தண்ணீருக்கு அடிக்கணக்கும் தெரியாது.

தெருவாய்க்காலின் கதையையும் கேளுங்கள். வாய்க்காலுக்கு மேல் போடும் கொங்கிறீற் மூடிகளுக்குக் கொளுக்கி வைப்பது தூக்கித் துப்பரவாக்கத்தான். கடைக்காரர் அந்த மூடிகளுக்கு மேல் சீமெந்து போட்டு, தரைஓடு பதித்து, மோட்டார் சைக்கிள் விட இடமாக்கி, பூச்சாடியும் வைத்துவிடுகிறார். உங்கள் கட்டுரையில் 'அழகிய முகப்பு' என்று வந்த படத்தில் தெரிவது அதுதான். 100 அடிக்கு அரை அடி சரிவிருந்தால் ஓடக்கூடிய வாய்க்கால், ஒரு கடைக்கு முன்னால் அடைபட்டால் மேற்பக்கம் உள்ள பத்துக் கடைக்கும் தேங்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஹொறவப்பொத்தானை வீதியிலும் பஜார் வீதியிலும் தண்ணீர் ஏறினால் வானத்தைத் திட்டுகிறோம். தேங்காமல் ஓடினதும் எங்கே போகும்? குளத்துக்குத்தான். ஒரு குளம் நிரம்பி வான் வழியாக வழியும் தண்ணீர் மற்றக் குளத்துக்குப் போவதுதான் வன்னியின் ஏற்பாடு. கடைசியில் அந்த எண்ணெய் யாரோ ஒரு கமக்காரனின் வரம்புக்குள் நிற்கும்.

தொடங்கியபடியால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிட வரைபடத்தில் கீழ்த்தளம் வாகனத் தரிப்பிடம். வரைபடப்படி கட்டியிருக்கிறது என்னும் இணக்கச் சான்றிதழ் கைக்கு வந்தபின் அதே தளம் குளிரூட்டிய மண்டபம். வாகனங்கள் ஏ9 ஓரத்தில், நடக்கிறவர்கள் வாகனங்களுக்கு நடுவில். 37.5 கிலோ எரிவாயு சிலிண்டர்கள் மூன்று நான்கை ஒரு மூலையில் பூட்டி வைத்து, காற்றோட்டத்துக்கென்று மேலே ஓட்டை விடுகிறார்கள். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது, ஓட்டை தரையோடு இருக்க வேண்டும். பக்கத்தில் வாய்க்கால் வாய் திறந்திருந்தால் கசியும் வாயு அதற்குள் இறங்கி, தீப்பொறி எங்கே என்று தேடிப் போகும். 2021 கடைசியில் சிலிண்டர் வெடிப்புகள் நடந்தபோது சவர்க்கார நுரை பூசிக் குழாய் பார்த்தவர்கள், பிறகு அதை மறந்துவிட்டார்கள். 2017 செப்டெம்பரில் தடை செய்த லஞ்ச் சீற், அதுதான் சோறு சுற்றும் பொலித்தீன் தாள், இன்னும் எத்தனை கடையில் பார்சலுக்குள் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

சாய்தளம் பற்றி மட்டும் கோபப்படாமல் எழுத முடியவில்லை. பொதுமக்கள் வரும் கட்டிடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் ஏறி இறங்க வழி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்தது. ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. 6 அங்குலத்தில் மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம், அப்போது சாய்தளம் 18 அடி. எங்கள் உணவகங்களில் அதை 4 அடியில் முடித்து, மேலே வழுக்கும் தரைஓடு பதித்து, கைப்பிடியும் இல்லாமல் விடுகிறார்கள். சக்கர நாற்காலியை அதில் ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறக்க மூன்று பேர் பிடிக்க வேண்டும். போரில் கால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் வாழும் மண் இது. அவர்களுக்கு ஒரு பிளேன்ரீ குடிக்க வாசலில் ஆள் கூப்பிட வேண்டும். இதையும் நகரத்தின் புதிய முகம் என்று எழுதுங்கள்.

யாரைக் கேட்பது? 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் என்று யாரும் இல்லை. அந்த இடைவெளியில் முளைத்த கடைகளுக்கு இப்போது வந்தவர்கள் பொறுப்பில்லை என்பார்கள், முன்னர் இருந்தவர்கள் அதிகாரம் இல்லை என்பார்கள். மரக்கறி மொத்த வியாபாரத்துக்கான பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் போடுவதா தாண்டிக்குளத்தில் போடுவதா என்று 2016இல் இழுபட்டு, கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டி, ஆண்டுக்கணக்காகப் பூட்டி வைத்த ஊர் இது. கட்டிடம் எழும்பினால் அபிவிருத்தி முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் புதியதல்ல.

சாப்பாட்டுக்கடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெடியளுக்கு வேலை கிடைக்கிறது, இரவு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு கிடைக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் எல்லோரும் பார்க்கச் சமைத்துக் கொடுக்கிறார்கள், சனம் வரிசையில் நிற்கிறது. தொங்கு விளக்கு இல்லாமலும் வியாபாரம் நடக்கும் என்பதற்கு அது போதும்.

கேட்பது இரண்டே இரண்டு. வருடாந்த வியாபார உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சேர்ந்து போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து, தடி விட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கட்டும். கடைக்கு முன்னால் வாய்க்கால் மூடிகளில் பத்தடிக்கு ஒன்றையாவது புரட்டாதி முடியுமுன் தூக்கக்கூடியதாக மாற்றச் சொல்லட்டும், செலவு பதித்தவருடையது.

உங்கள் படப்பிடிப்பாளர் அடுத்தமுறை வந்தால் பின்பக்க ஒழுங்கையைக் காட்ட நாங்கள் தயார், செருப்பை மட்டும் மாற்றிக்கொண்டு வரட்டும். இடம் போதாமல் இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் கோபத்தை வெட்டுங்கள், அளவுகளில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டிட வேலையாளர் ஒருவர்,
குருமன்காடு, வவுனியா.