மோர், தேன், டாலர்: ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் ஆங்கில இலக்கணத்தில் ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ பாடம் தொடங்குகிறது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும்போது பெயரடை எப்படி உருமாறுகிறது என்பதுதான் பாடம். ஓர் இலக்கணப் பாடத்துக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதுவது எங்கள் வழக்கமில்லை. போன ஆண்டு இதே பாடம் நடந்தபோது, பெற்றோர் சிலர் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே என் அறைக்கு வந்தார்கள். “மூன்று கட்டம் போட்டு நூறு சொல் எழுதிக் கொடுத்தால் பிள்ளை மனப்பாடம் செய்துவிடுவானே, ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?” என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். வாசலில் நின்றபடி நான் சொன்ன இரண்டு வரிப் பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஆகவே இனி ‘மோர்’ என்று வந்தால் அது கடைந்தெடுத்த மோர் அல்ல, ‘தேன்’ என்றால் கூட்டிலிருந்து எடுப்பது அல்ல, ‘டாலர்’ பணமும் அல்ல.

ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் இந்தப் பாடத்தை நானும் எல்லாரையும்போலத்தான் நடத்தினேன். மூன்று பையன்களைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி, குட்டையானவன் தலைக்கு மேலே ‘டால்’, நடுவில் நின்றவனுக்கு ‘டாலர்’, நெட்டையானவனுக்கு ‘டாலஸ்ட்’ என்று சாக்பீஸால் எழுதினேன். வகுப்பு மூன்று முறை கோரஸாகச் சொன்னது. பாடம் முடிந்தது என்று திரும்பினால், முதல் பையன் மட்டும் கழுத்தை வளைத்துத் தன் தலைக்கு மேலிருந்த சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். “சார், டால்னா உயரம்தானே? நான் கிளாஸ்லயே குட்டை. எனக்கு ஏன் சார் டால்?” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

பதில் வராததற்குக் காரணம், அவன் கேட்டது சரி. டால், டாலர், டாலஸ்ட் என்பது மூன்று படி உள்ள ஏணி அல்ல. ‘டால்’ என்றால் யாரோடும் ஒப்பிடாமல் உயரம் என்று சொல்வது. ‘டாலர்’ என்றால் இருவரில் யார் கூடுதல் என்று மட்டும் சொல்வது. அவர் உயரமானவரா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. இரண்டு எறும்புகளில் ஒன்று மற்றதைவிடப் பெரிது. அதை ‘பிக்கர்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்காக எறும்பை ‘பிக்’ என்று யாராவது சொல்வார்களா? மூன்று கட்ட அட்டவணை இந்த இடத்தைத்தான் மறைத்துவிடுகிறது. நூறு சொல்லை நூறு வரிசையில் ஒப்பிக்கும் பிள்ளை, எந்தச் சொல்லை எப்போது எடுப்பது என்று கேட்டால் விழிக்கிறது. அன்றிலிருந்து ஆளை நிறுத்தி வைத்து இந்தப் பாடத்தை நான் நடத்தியதில்லை. இங்கே இப்போது நடத்தும் ஆசிரியர்களும் பென்சில், கயிறு, கல் என்று கையில் கிடைப்பதை வைத்துத்தான் நடத்துகிறார்கள்.

அடுத்தது, பிள்ளைகள் செய்யும் தவறுகள். பெரும்பாலானவை கவனக்குறைவால் வருவதில்லை, தமிழிலிருந்து வருகின்றன. தமிழில் ஒப்பிடும்போது பண்பைச் சொல்லும் சொல்லை நாம் தொடுவதே இல்லை. ‘கயிறு நீளம்’, ‘நூலைவிடக் கயிறு நீளம்’, ‘எல்லாவற்றையும்விடக் கயிறு நீளம்’. நீளம் நீளமாகவே இருக்கிறது, வேலை முழுவதையும் ‘விட’ பார்த்துக்கொள்கிறது. ‘ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும்’ என்ற குறளிலும் அப்படித்தான். ‘பொழுதின்’ என்பதில் உள்ள ‘இன்’தான் ‘பொழுதைவிட’ என்ற பொருளைத் தருகிறது, ‘பெரிது’ மாறாமல் நிற்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு ஒப்புப்பொருள் உண்டு என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள், அதுதான் இது.

ஆங்கிலம் இரண்டு இடத்தில் முத்திரை கேட்கிறது. பெயரடையின் வாலில் ‘அர்’ வேண்டும், பெயருக்கு முன்னால் ‘தேன்’ வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு முத்திரை போதுமென்று தோன்றுகிறது. அதனால் ‘ரோப் இஸ் லாங் தேன் த்ரெட்’ என்று எழுதுகிறது. இதைத் திருத்தினால் அடுத்த வாரம் ‘மோர் லாங்கர்’ என்று வந்து நிற்கும். ‘இன்னும் நீளம்’ என்ற நினைப்பில் ‘மோர்’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இப்படி இரட்டை முத்திரை குத்துவதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், புரூட்டஸ் குத்திய குத்தை ஆண்டனி ‘மோஸ்ட் அன்கைண்டஸ்ட்’ என்கிறார். அவர் காலத்தில் அது வழக்கு. நம் பிள்ளைகள் காலத்தில் மதிப்பெண் போய்விடும்.

இவை இரண்டும் எனக்குப் பெரிய கவலையில்லை, நாளாவட்டத்தில் சரியாகிவிடும். கவலை தருவது மூன்றாவது ஒன்று. ‘நூலைவிடக் கயிறு நீளம்’ என்பதைத் தமிழ் வரிசையிலேயே மொழிபெயர்க்கும்போது நூல் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘த்ரெட் இஸ் லாங்கர் தேன் ரோப்’. இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் நூல் கயிற்றைவிட நீளமாகிவிட்டது! வீட்டில் நோட்டைப் பார்ப்பவர்கள் ‘அர்’ இருக்கிறதா, ‘தேன்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ‘இதில் எது நீளம்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

எழுத்துக்கூட்டலுக்கு வருகிறேன். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். ‘பிக்’ என்ற சொல்லோடு ‘அர்’ சேரும்போது கடைசி எழுத்தான ‘ஜி’ ஏன் இரண்டாகிறது, ‘க்ளீன்’ என்பதில் ‘என்’ ஏன் இரண்டாகவில்லை என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பொன் + அணி என்ன? பொன்னணி. வான் + அளவு? வானளவு. தனிக்குறிலை அடுத்து வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். நெடிலுக்குப் பின் இரட்டிக்காது. ‘மெல்லிய’ என்று பொருள்படும் ஆங்கிலத் ‘தின்’ குறில், எனவே ‘தின்னர்’ என்பதில் ‘என்’ இரண்டு. ‘க்ளீன்’ நெடில், எனவே ‘க்ளீனர்’ என்பதில் ஒன்றே ஒன்று. தமிழ் வகுப்பில் படித்த புணர்ச்சி விதி ஆங்கில நோட்டிலும் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். இரு மொழிக்கும் இதில் உறவு ஏதுமில்லை. தமிழில் அந்த இரட்டிப்பு காதில் விழும், ஆங்கிலத்தில் அது எழுத்தோடு சரி. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல கொக்கி எனக்குத் தெரியாது.

எதற்கு ‘அர்’, எதற்கு ‘மோர்’ என்பதற்கு நீளம்தான் அளவுகோல். ஓரசைச் சொல் (அசை என்று இங்கே நான் சொல்வது ஆங்கிலச் ‘சிலபிள்’) என்றால் ‘அர்’, ‘எஸ்ட்’. ‘பியூட்டிஃபுல்’, ‘டிஃபிகல்ட்’ போல மூன்று அசையோ அதற்கு மேலோ என்றால் ‘மோர்’, ‘மோஸ்ட்’. இரண்டசைச் சொற்கள்தான் குழப்பம். ‘ஹேப்பி’ போல ‘வை’ எழுத்தில் முடிந்தால் அது ‘ஐ’ ஆகி ‘ஹேப்பியர்’ என்று வரும். ‘மாடர்ன்’ என்றால் ‘மோர் மாடர்ன்’. ‘க்ளெவர்’, ‘சிம்பிள்’, ‘நேரோ’ போன்றவை இரு பக்கமும் போகும்; உங்கள் பிள்ளை ‘மோர் க்ளெவர்’ என்று எழுதியிருந்தால் அடிக்க வேண்டாம், அதுவும் சரிதான். ‘வாட்டர்’, ‘மதர்’ என்று ‘அர்’ ஓசையில் முடிகிற சொல்லையெல்லாம் கம்பேரிட்டிவ், அதாவது ஒப்பீட்டு வடிவம், என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. ஒலிம்பிக் முழக்கத்தை எழுதிப்போட்டால் யார் யார் என்று தெரிந்துவிடும். ‘ஃபாஸ்டர், ஹையர், ஸ்ட்ராங்கர்’ என்றிருந்ததோடு 2021-இல் ‘டுகெதர்’ சேர்ந்தது. முதல் மூன்றும் ‘தேன்’ இல்லாமலே தனியாக நிற்கும் கம்பேரிட்டிவ். நான்காவது அந்த வகையே அல்ல.

மனப்பாடம் செய்தே ஆகவேண்டிய சொற்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘குட்’ ‘பெட்டர்’ ஆகும், ‘பேட்’ ‘வொர்ஸ்’ ஆகும், ‘லிட்டில்’ ‘லெஸ்’ ஆகும், ‘மச்’, ‘மெனி’ இரண்டும் ‘மோர்’ ஆகும், ‘ஃபார்’ ‘ஃபர்தர்’ ஆகும். ‘பெட்டர்’ என்பது ‘குட்’ பெற்ற பிள்ளையே அல்ல, வேறு வேரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். விதி தேடினால் கிடைக்காது. ‘சீனியர்’, ‘ஜூனியர்’ இரண்டும் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவமாக இருந்து வந்தவை. அவற்றுக்குத் ‘தேன்’ சேராது, ‘டு’தான்.

‘இருப்பதிலேயே அதிகம்’ என்று சொல்லும் சூப்பர்லேட்டிவில் ஒரே ஒரு சிக்கலைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நம் ‘மிக’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘மிகப் பெரிய மரம்’ என்றால் ரொம்பப் பெரியது என்றும் இருக்கலாம், இருப்பதிலேயே பெரியது என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் முன்னது ‘வெரி பிக்’, பின்னது ‘தி பிக்கஸ்ட்’. பிள்ளை தடுமாறினால் ‘எல்லாவற்றிலுமா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ‘தி’யும் ‘எஸ்ட்’டும் வரும். ‘ஒன் ஆஃப் தி’ வந்தால் அடுத்து வரும் பெயர் பன்மையில் இருக்க வேண்டும். ‘மரங்களில் ஒன்று’ என்றுதானே நாமும் சொல்கிறோம், ‘மரத்தில் ஒன்று’ என்றா சொல்கிறோம்?

வீட்டில் பயிற்சி கொடுக்கும்போது அண்ணன் தம்பியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ எடுத்துக்காட்டுக்கு இழுக்க வேண்டாம். ‘அவன் உன்னைவிட நன்றாகப் படிக்கிறான்’ என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், பிள்ளைக்கு இலக்கணம் காதில் ஏறாது. நோட்டிலும் சக மாணவர்களின் உயரம், நிறம், மதிப்பெண் பற்றிய வாக்கியங்களை நாங்கள் அனுமதிப்பதில்லை. அலமாரி, நாற்காலி, செருப்பு, மழை, ஞாயிற்றுக்கிழமை என்று ஒப்பிட உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதான் ‘ஷார்ட்டஸ்ட் டே’ என்று போன ஆண்டு ஒரு மாணவி எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

பாடம் இரண்டு வாரம் நடக்கும். எழுத்துக்கூட்டல் பிழைக்கு அரை மதிப்பெண்தான் குறையும், பொருள் தலைகீழானால் முழு மதிப்பெண்ணும் போகும். முதல் வார முடிவில், வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கண்ணில் படும் பொருள்களை வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதி வர வேண்டும். பென்சிலால் எழுதட்டும். தயவுசெய்து நீங்கள் திருத்தி அனுப்பாதீர்கள். தவறு தவறாகவே வந்தால்தான் அது எங்கிருந்து வருகிறது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்