வீட்டில் குடிநோய் இருக்கும் பிள்ளைகளுக்காக

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களைப் பற்றி வரும் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் வேறொன்றுக்காக.

முதல் பாடவேளையிலேயே மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிடும் பிள்ளைகள் நம் பள்ளியில் இருக்கிறார்கள். கேட்டால், “கொசுக்கடி, டீச்சர்” என்பார்கள். தனியே அழைத்துக் கேட்டால் கண் கலங்கும். அப்பா குடித்துவிட்டு வந்தார், அம்மாவை அடித்தார், தம்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்தோம் என்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

குடிப்பவர் எல்லாரும் குடிநோயாளிகள் அல்லர். ஆனால் அளவு ஏறிக்கொண்டே போகிறது, காலையில் கை நடுங்குகிறது, நடுக்கம் நிற்க மறுபடியும் குடிக்க வேண்டியிருக்கிறது, வேலை போன பின்னும் விட முடியவில்லை என்றால் அது நோய்தான். “மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் தொடுவதில்லையே, மனம் வைத்தால் முடியாதா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சில வாரம் நிறுத்தப் பலரால் முடிகிறது. மாலையைக் கழற்றிய பிறகும் தொடாமல் வாழ்வதுதான் கடினம். மாதக்கணக்கில் விலகியிருந்தவரையும் முதல் கிளாஸ் பழைய நிலைக்கே இழுத்துவிடக்கூடும். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்தவர் மீண்டும் குடித்தால் ஏமாற்றுக்காரர் என்கிறோம். சத்தியம் செய்த நேரத்தில் அவர் மனதாரத்தான் செய்திருப்பார்.

நோய் என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அடி விழுந்தால் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மதுவின் மந்தத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, மது நின்றதும் கட்டுக்கடங்காமல் துடிக்கும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தெரிந்து, மனம் குழம்பி, உயிரே போகலாம். மருத்துவமனையில் மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த முடியும். “அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்” என்று விளம்பரம் செய்யும் மருந்துகளையும் நம்பாதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் போன்ற மருந்தை, உட்கொள்பவர் அறியாமல் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். குடிக்கும்போது தண்ணீரும் தின்பண்டமும் வாங்கிவரப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள். அப்பாவின் குடி தன்னால்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், “இது உன் தவறு இல்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்களும் வகுப்பில் தூங்கும் பிள்ளையைத் திட்டுவதை நிறுத்திவிட்டோம். முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிறோம்.

சனிக்கிழமை பிற்பகல்களில் நான் பள்ளியில் இருப்பேன். பிள்ளையின் பெயரைச் சொல்லாமலும் பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியை