செயலாளரின் ஆண்டறிக்கை – 2024 (கல்லடி, மட்டக்களப்பு)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார் என்பதால் பணத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு இந்த அறிக்கையிலேயே பதில் சொல்லியாக வேண்டும். "கோயில் வேலைய விட்டா நம்மட சங்கம் வேற என்னத்தச் செய்யிது?" என்று போன பொதுக்கூட்டத்தில் ஓர் அங்கத்தவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வருடம் முழுவதும் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சபையே தீர்மானிக்கட்டும்.

தைப்பொங்கலும் சிவராத்திரியும் வழமைபோல நடந்தன. விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இம்முறை நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. காத்தான்குடியில் உடுப்பு எடுக்கப் போன நம் ஆட்கள் கடைக்குள் கால் வைக்க இடமில்லாமல் திரும்பி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 13 ஆம் திகதி இரவு வருடம் பிறந்தது. புத்தாண்டுக்குத் தலையில் வைக்கும் மூலிகை நீரான மருத்துநீரைக் கண்ணகை அம்மன் கோவிலில் காய்ச்சி, நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இளைஞர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விளையாட்டு விழாவில் தேங்காயோடு தேங்காய் மோதும் போர்த்தேங்காய்க்குத்தான் கூட்டம் அதிகம். தென்னோலைக் கிடுகு பின்னும் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் அம்மம்மாமார்தான். அடுத்த தலைமுறைக்குக் கிடுகு என்றால் விலைக்கு வாங்குகிற சாமான். யானைக்குக் கண் வைத்தலில் வென்றவர் துணிக்குள்ளால் பார்த்தார் என்ற முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

மே மாதம் 6 ஆம் திகதி சாதாரண தரப் பரீட்சை தொடங்கியது. அதற்கு முந்திய வாரங்களில் ஒலிபெருக்கியால் வந்த மனக்கசப்பை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளை படிக்க முடியவில்லை என்று தாய்மார் வந்து சொன்னார்கள். சாமிப் பாட்டை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார் என்று வேறு சிலர் கேட்டார்கள். கோவில் நிர்வாகமும் மாதா கோவில் சபையும் நாங்களும் ஒன்றாக இருந்து பேசினோம். குழாய் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டு, பெட்டி ஒலிபெருக்கியை வீதிக்குள் திருப்பி வைப்பது என்றும், பூசை நேரம் தவிர்ந்த மற்ற நேரத்தில் பாட்டுப் போடுவதில்லை என்றும் முடிவானது. அம்மனின் வைகாசிச் சடங்கின் கடைசி இரவுக்கு மட்டும் விலக்கு. என் அபிப்பிராயத்தில் இது பரீட்சைக் காலத்துக்கு மட்டுமில்லாமல் வருடம் முழுவதும் இருக்க வேண்டிய ஒழுங்கு. அம்மனுக்குக் காது கேட்கும்.

வைகாசிச் சடங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோவில் கதவு திறந்த நாள் தொடக்கம் திருக்குளிர்த்தி முடியும்வரை சங்கத்துக்கு வேறு வேலை கிடையாது. மதுரையை எரித்த கோபத்தோடு வந்த கண்ணகை அம்மனைக் குளிர வைப்பதுதான் குளிர்த்தி. அம்மன் குளிர்ந்தால் மழை வரும், அம்மை நோய் விலகும் என்பது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டிலும் உள்ள நம்பிக்கை. வெக்கையில் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற நாட்களில் அந்த நம்பிக்கைக்கு விளக்கம் தேவைப்படாது. கல்யாணக்கால் நட்டது, நெல்லுக் குத்தியது, பொங்கல் எல்லாம் பூசகரான கப்புகனார் சொன்ன நேரத்துக்கு நடந்தன. திருக்குளிர்த்தி அன்று ஒரு தோணியும் கடலுக்குப் போகவில்லை, கரைவலையும் வளைக்கவில்லை.

ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, உரியது. அந்த ஒழுங்கில் சங்கம் தலையிடுவதில்லை, தலையிடவும் கூடாது. அது கோவிலைப் பரிபாலிக்கும் வண்ணக்கரும் குடி மூத்தவர்களும் பேசி முடிக்கிற காரியம். பந்தல், தண்ணீர், வெளிச்சம், சமையல், குப்பை இவைதான் எங்கள் பங்கு. ஆனால் ஒரு சிக்கல் சில வருடங்களாக இருந்தது. குடி தாய்வழியாக வருவது. வேறு ஊரிலிருந்து வாழ வந்த குடும்பங்களுக்கு இந்தக் கோவிலில் குடியும் இல்லை, பூசையும் இல்லை. பணம் கொடுக்கலாம், பாத்திரம் கழுவலாம், ஆனால் தங்கள் நாள் என்று சொல்ல ஒன்றுமில்லை. இம்முறை குடி மூத்தவர்களின் சம்மதத்தோடு ஒரு நாள் அன்னதானத்தை அந்தக் குடும்பங்கள் பொறுப்பெடுத்தன. அன்றைய பருப்புக் கறியைப் பற்றி இன்றைக்கும் ஆட்கள் பேசுகிறார்கள். சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்து திராய்மடுவுக்குப் போய்க் குடியேறியவர்களும் சடங்குக்கு வந்து பழைய அயலவர்களோடு பந்தலிலேயே படுத்து எழும்பிப் போனார்கள். அன்னதானத்துக்குப் பிளாஸ்டிக் தாள் வேண்டாம் என்று தாமரை இலை எடுத்தோம். இலை வர இரண்டாம் நாள் பிந்திவிட்டது. அன்றைக்கு மட்டும் பழையபடி தாள்தான்.

கண்ணகை அம்மன் கதையைச் சொல்லும் வழக்குரையைப் பாடத் தெரிந்த பெரியவர்கள் இப்போது ஒரு சிலரே. ஏட்டைப் பார்த்து வாசிப்பது வேறு, உடுக்கின் தாளத்துக்கு இழுத்து நிறுத்திப் பாடுவது வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரைப் பின்பாட்டுக்கு இருத்தினோம். ஒரு பிள்ளை கைபேசியில் பதிவு செய்ததைப் பெரியவர் முதலில் விரும்பவில்லை. அப்புறம் அவரே பக்கத்தில் இருந்து, "அந்த இடத்தத் திரும்பப் போடு மகள், நான் ஒரு அடிய விட்டுட்டன்" என்று கேட்டார். பதிவுகளைச் சங்கத்தில் பாதுகாத்து வைப்பதா, கோவிலிடம் கொடுப்பதா என்பதை இன்றைய கூட்டம் தீர்மானிக்க வேண்டும். கோவிலிடம் கொடுப்பதே முறை என்பது என் எண்ணம்.

கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் வடக்கிலிருந்து நடந்து வந்த அடியார்கள் கல்லடிப் பாலம் கடந்து வந்தபோது மதியச் சாப்பாடும் இரவு தங்க இடமும் கொடுத்தோம். கால் கொப்பளத்துக்கு மருந்து கட்ட நம் அயலிலுள்ள தாதியர் முன்வந்தார்கள். நம்மிலிருந்தும் சிலர் அவர்களோடு சேர்ந்து, திருக்கோவில், பொத்துவில் கடந்து உகந்தை வழியாகக் காட்டுக்குள் நடந்து போய் வந்தார்கள்.

ஓகஸ்ட் 4 ஆம் திகதி ஆடி அமாவாசை. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு வந்த சனத்துக்குத் தாகசாந்தி செய்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சனம் அதிகம், சர்பத் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய வந்த பலர் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்கள். அவர்களுக்குச் சீனித் தண்ணீரைவிட நிழல்தான் தேவை. வரும் வருடம் பந்தலை நீளமாகப் போடுவோம்.

செப்டெம்பர் தொடக்கத்தில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்கு நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் புறப்பட்டபோது, சைவப் பெடியன்கள் ஓட்டோவில் தண்ணீரோடு பின்னால் போனார்கள். நம் அயலில் இது புதிதல்ல. உயிர்த்த ஞாயிறன்று சியோன் தேவாலயக் குண்டுத் தாக்குதல் நடந்து 2024 ஏப்ரல் 21 உடன் 5 வருடங்கள் ஆயின. அதற்குப் பிறகு பெரிய திருநாட்களில் கோவில் வாசலில் பை பார்க்கிற வேலை வந்துவிட்டது. இந்த வருடமும் மாதா கோவில் வாசலில் நம் அங்கத்தவர்கள் நின்றார்கள். தெரிந்த முகத்தின் பையைத் திறந்து பார்ப்பது சங்கடமான வேலை. நின்றவர்களுக்கு நன்றி.

செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல். இரண்டுக்கும் சங்கக் கட்டடம் எந்தக் கட்சிக்கும் கொடுக்கப்படவில்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

இனி வெள்ளம். உயர்தரப் பரீட்சை நவம்பர் 25 ஆம் திகதி தொடங்கியது. மழை விடவேயில்லை, பரீட்சையை இடையில் நிறுத்தி, டிசம்பர் 4 ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கினார்கள். நம் பக்கம் தாழ்ந்த ஒழுங்கைகளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. வெள்ளம் கடலுக்கு வடிய ஆற்றுவாய் வெட்டும் கதை வந்தால் படுவான்கரை விவசாயிக்கு ஒரு நியாயம், ஆற்றில் இறால் பிடிப்பவருக்கு இன்னொரு நியாயம். அந்த வழக்கைத் தீர்க்கச் சங்கத்தால் முடியாது. எங்களால் முடிந்தது சமைத்துக் கொடுப்பது. சடங்குக்குப் பயன்படுத்திய அதே கிடாரம், அதே அகப்பை, அதே அடுப்புக்கல், அதே சமையல் ஆட்கள். பந்தல் கட்டியவர்களே தறப்பாள் கட்டினார்கள். வெளிச்சத்துக்குப் பொறுப்பானவர் தன் ஜெனரேற்றரைக் கேட்காமலே கொண்டுவந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்னதானத்துக்கு வீடு வீடாக அரிசி சேர்த்தபோது மாதர் சங்கத்தினர் எழுதிய கொப்பியில் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் படுக்கையில், எந்தத் தாய் தனியாக இருக்கிறார் என்ற விபரமெல்லாம் இருந்தது. "இந்த அக்காக்கு ஏலாது, அரிசி கேக்காதீங்க" என்றுகூட ஓரத்தில் குறித்திருந்தார்கள். கிராம உத்தியோகத்தர் வருவதற்கு முன்பே யாரை முதலில் தூக்க வேண்டும் என்று பெடியன்களுக்குத் தெரிந்தது அந்தக் கொப்பியால்தான். ஆக, கேள்வி கேட்ட அங்கத்தவருக்கு என் பதில் இது: கோவில் வேலையைக் குறைத்தால் வெள்ள வேலைக்கு ஆள் வேறெங்கிருந்து வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டதில் பாதி சரி. வடிகானைப் பற்றி உரிய இடத்துக்குக் கடிதம் எழுதியதோடு சங்கம் நின்றுவிட்டது. பதில் வரவில்லை. கடிதம் எழுதுவதில் உள்ள சுறுசுறுப்பு, பின்னால் போய்க் கேட்பதில் இல்லை. சடங்குப் பந்தலுக்குக் குழு இருப்பதுபோல வடிகானுக்கும் ஒரு குழு வேண்டும், அது மாரிக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியின் 20 ஆம் ஆண்டு. 2004 இல் ஞாயிறும் பூரணையுமாக இருந்த அந்தக் காலையை இங்குள்ள மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருச்செந்தூர் முருகன் கோவிலின் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பாமலே நடக்கிறார்கள். நாவலடியில் விளக்கேற்றும் ஒழுங்கைச் செய்த இளைஞர்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 9.25 க்கு மௌனம் காத்த பிறகு, படம் இல்லாத பிள்ளைகளின் பெயர்களைத் தாய்மார் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்டார்கள். இந்த முறை பேச்சு எதுவும் வைக்கவில்லை. அதுவே நல்லது.

இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த அங்கத்தவர்களுக்காகக் கூட்டத் தொடக்கத்தில் அகவணக்கம் செலுத்தினோம். அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் கதிரையும் பந்தலும் வாடகையின்றிப் போயின. வரும் ஆண்டிலும் செத்தவீட்டுக்கு வாடகை எடுப்பதில்லை. கல்யாண வீட்டுக்கு எடுப்போம், அதில் பேரம் வேண்டாம்.

கடைசியாக ஓர் அறிவித்தல். வெள்ள நேரம் கொண்டுபோன பெரிய கிடாரம் இரண்டில் ஒன்று இன்னும் சங்கத்துக்குத் திரும்பவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் தைப்பூசத்துக்கு முன் கொண்டுவந்து தாருங்கள், ஏன் பிந்தியது என்று கேட்கமாட்டோம். களஞ்சியத் திறப்பு என்னிடம் இருக்கிறது. புதிய செயலாளர் தெரிவானதும் இன்றே கையளிப்பேன்.

நன்றி.

செயலாளர்