606-ஐ மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் அந்த ஆட்டத்தின் பெரிய லீகான என்எஃப்எல் பற்றி இவ்வளவு இடம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் தாக்குதல் ஆட்டத்தில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த அணிகள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்த பட்டியலோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

2013 டென்வர் பிராங்கோஸ் அணிக்கு முதலிடம். ஒரே சீசனில் 606 புள்ளி எடுத்ததுதான் காரணம். சரி. 2007 நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் பட்டியலிலேயே இல்லை. இறுதிப் போட்டியில் தோற்றதால் சேர்க்கவில்லை என்று கீழே பொடி எழுத்தில் விளக்கம். அப்படியானால் டென்வர் மட்டும் ஜெயித்ததா? அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் சியாட்டிலிடம் 43-8 என்று உதை வாங்கிய அணி அது. பேட்ரியாட்ஸ் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் தோற்றது 17-14. மூன்று புள்ளியில் தோற்றவர்களை வெளியே தள்ளிவிட்டு, முப்பத்தைந்து புள்ளியில் தோற்றவர்களை மேடையில் ஏற்றுவது என்ன நியாயம்?

இதைக் கேட்க உனக்கு என்ன தகுதி என்று நினைக்கலாம். வேலந்தாவளத்தில், செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம் இருக்கிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் காலால் ஆடுவதுதான். 2022 உலகக் கோப்பைக்குக் கோழிக்கோடு பக்கம் ஆற்றிலேயே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் கட்அவுட் வைத்த மாநிலம் இது. நான் மட்டும் ராத்திரியில் கையால் பிடித்துக்கொண்டு ஓடும் ஃபுட்பாலைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். கோவையில் உள்ள ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை. ஆட்ட வீடியோவை ஒவ்வொரு ஸ்னாப்பாக, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையாக, வெட்டி வைத்திருப்பார்கள். யார் எங்கே நின்றார், பந்து கைக்கு வருவதற்கு முன் யார் இடம் மாறினார், ஓட்டமா பாஸா, எத்தனை யார்டு கிடைத்தது, யார் மடக்கினார் என்று குறிக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு இப்படி நூற்றுக்கு மேல் துண்டுகள் வரும். நடப்பு சீசன் ஓய்ந்திருக்கும் மாதங்களில் பழைய ஆட்டங்களை அனுப்புவார்கள். அதனால் உங்கள் பட்டியலில் உள்ள பல அணிகளை நான் நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தவள்.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு. எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் டச்டவுன், ஆறு புள்ளி. தாக்குவதற்குப் பதினொரு பேர், தடுப்பதற்கு வேறு பதினொரு பேர். கட்டுரை பேசுவது அந்த முதல் பதினொரு பேரைப் பற்றி.

இப்போது கணக்குக்கு வருவோம். மொத்தப் புள்ளியை வைத்து வரிசைப்படுத்துவது முதல் தவறு. டெஸ்டில் மொத்த ரன்னை மட்டும் பார்த்தால் 6,996 எடுத்த பிராட்மேன் எங்கே நிற்பார்? சராசரி 99.94 என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். இங்கேயும் அதேதான். என்எஃப்எல் சீசன் ஒரு காலத்தில் 12 ஆட்டம், பிறகு 14, 1978 முதல் 16, 2021 முதல் 17. உங்கள் பட்டியலில் 2024 டெட்ராய்ட் லயன்ஸ் 564 புள்ளியோடு 1998 மினசோட்டா வைக்கிங்ஸுக்கு மேலே இருக்கிறது. வைக்கிங்ஸ் எடுத்தது 556. ஆனால் லயன்ஸ் ஆடியது 17 ஆட்டம், வைக்கிங்ஸ் 16. ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் லயன்ஸுக்கு 33.2, வைக்கிங்ஸுக்கு 34.75. வரிசை தலைகீழ்.

இதில் முழுக்க அடிபட்டுப்போனது 1950 லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 12 ஆட்டத்தில் 466 புள்ளி. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது. ஆட்டத்துக்கு 38.8. டென்வருடைய 606-ஐ 16-ஆல் வகுத்தால் 37.9 தான் வருகிறது. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சராசரியை யாரும் தாண்டவில்லை. அந்த அக்டோபரில் பால்டிமோருக்கு எதிராக 70 புள்ளி, அடுத்த வாரமே டெட்ராய்ட்டுக்கு எதிராக 65. பாப் வாட்டர்ஃபீல்டு, நார்ம் வேன் பிராக்ளின் என்று இரண்டு குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை வாங்கி வீசுபவர்கள், மாறி மாறி ஆடினார்கள். மறு வருஷம் இதே வேன் பிராக்ளின் ஒரே ஆட்டத்தில் 554 யார்டு வீசினார். இன்றைக்கும் அதுதான் சாதனை. ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற விதி நிரந்தரமானதும் அந்த 1950-இல்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸிடம் 30-28 என்று கோப்பையை விட்டார்கள். முடிய 28 நொடி இருக்கும்போது லூ குரோசா கம்பங்களுக்கு நடுவே உதைத்த மூன்று புள்ளி ஃபீல்டு கோல் ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டாவது, விதி. 1978-இல் இரண்டு விஷயம் மாறியது. பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தடுப்பாளர் தொட்டுத் தள்ளக்கூடாது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டி, விரித்த உள்ளங்கையால் எதிராளியைத் தடுக்கலாம். இவை வந்த பிறகு பந்து வீசுவது எளிதாகிப் போனது. 1984-இல் மயாமியின் டான் மரீனோ 48 டச்டவுனும் 5,084 யார்டும் வீசியதற்கு அவர் கை எவ்வளவு காரணமோ, அதற்கு வழி திறந்துவிட்ட விதியும் அவ்வளவு காரணம். ஆகவே ஒரு அணியை அதன் காலத்து மற்ற அணிகளோடு வைத்துத்தான் எடை போட வேண்டும். 2013-இல் லீகில் ஒரு அணியின் சராசரியே 23 புள்ளிக்கு மேல். 2007-இல் அது 22-ஐத் தொடவில்லை. பேட்ரியாட்ஸ் 589 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு 36.8. ஊரெல்லாம் குறைவாக எடுத்த காலத்தில் எடுத்த 36.8 இது. டாம் பிராடி 50 டச்டவுன் வீசினார், அதில் 23-ஐ ராண்டி மாஸ் பிடித்தார். அந்த 23 இன்னும் உடையவில்லை.

இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. அணியின் மொத்தப் புள்ளி வேறு, தாக்குதல் அணி எடுத்த புள்ளி வேறு. டென்வரின் 76 டச்டவுனில் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் வீசியதும் அணி ஓடி எடுத்ததும் சேர்த்தால் 71 தான். மீதி ஐந்தும் தடுப்பணியும் உதையைப் பிடித்துத் திருப்பி ஓடுபவர்களும் கொடுத்தது. பேட்ரியாட்ஸுக்கும் அப்படித்தான், 75-இல் எட்டு. எனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் சொன்னதாக இருக்கக்கூடாது.

கோப்பை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பஸ் ஸ்டாப் டீக்கடை சேட்டன் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடிய காலத்து ஆள். அவரிடம் இந்தக் கட்டுரையைக் காட்டி 606 கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்நிட்டு, கப்பு கிட்டியோ மோளே?" (அப்புறம், கோப்பை கிடைத்ததா மகளே?)

கிட்டவில்லை, சேட்டா. கூத்து என்னவென்றால், நாற்பது வருஷமாக இந்த ஒரே சீசன் புள்ளிச் சாதனையை உடைத்த ஒருவருக்கும் கிட்டவில்லை. 1983-இல் வாஷிங்டன் 541 எடுத்துப் புதுச் சாதனை செய்தது. சூப்பர் பௌலில் ரெய்டர்ஸிடம் 38-9. அதை உடைத்தது 1998 வைக்கிங்ஸ்; அரையிறுதி மாதிரியான கட்டத்திலேயே அட்லாண்டாவிடம் 30-27. அந்த சீசன் முழுக்க ஒரு ஃபீல்டு கோலைக்கூடத் தவறவிடாத கேரி ஆண்டர்சன் அன்றைக்கு 38 யார்டிலிருந்து வெளியே உதைத்தார். கூடுதல் நேரத்தில் அட்லாண்டாவின் மார்ட்டன் ஆண்டர்சன் அதே 38 யார்டிலிருந்து உள்ளே உதைத்தார். வைக்கிங்ஸை உடைத்த பேட்ரியாட்ஸும், பேட்ரியாட்ஸை உடைத்த டென்வரும் என்ன ஆனார்கள் என்று மேலேயே சொன்னேன்.

டென்வர் தோற்ற ஆட்டத்தின் முதல் துண்டு எனக்கு அப்படியே ஞாபகம். மேனிங் பின்னால் நின்று பந்துக்காகக் காத்திருக்கிறார். கூட்டத்தின் இரைச்சலில் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. கையை ஆட்டியபடி முன்னால் நடந்து வருகிறார், திட்டத்தை மாற்றிச் சொல்ல. அந்த நேரம் பார்த்து சென்டர் பந்தை அனுப்பிவிட்டார். பந்து மேனிங்கின் தலையைத் தாண்டிப் போய் டென்வரின் சொந்த எல்லைக்குள்ளேயே விழுகிறது. ஓடிப்போய் அமுக்கியது அவர்களுடைய ஆளே, நோஷான் மொரேனோ. எதிரணிக்கு இரண்டு புள்ளி. கடிகாரத்தில் ஓடியது 12 நொடி. சியாட்டில்காரர்களின் விரல்கூட அந்தப் பந்தில் பட்டிருக்காது. சீசன் முழுவதும் மைக்கில் "ஒமாஹா, ஒமாஹா" என்று மேனிங் தன் ஆட்களுக்குச் சங்கேதம் கத்துவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு, சத்தத்தாலேயே அந்த அணி கவிழ்ந்தது ஒரு மாதிரியாக இருந்தது.

சேட்டனிடம் நான் திருப்பிக் கேட்டேன், 1982 பிரேசிலைப் பற்றி. ஸீக்கோவும் சாக்ரட்டீஸும் ஆடிய அந்த அணி இத்தாலியிடம் 3-2 என்று தோற்று வெளியேறியது. பாவ்லோ ரோஸி மூன்று கோல். கப்பு கிட்டவில்லை. ஆனால் கடைச் சுவரில் மாட்டியிருப்பது யார் படம்? சேட்டன் பதில் சொல்லவில்லை, என் காசை வாங்கிக் கல்லாவில் போட்டார். கோப்பை என்பது ஒரு நாள் சமாச்சாரம். அதைக் கடைசி மார்க்காகச் சேர்க்கலாம், நுழைவுத் தேர்வாக வைக்கக்கூடாது.

நீ யாரை முதலில் வைப்பாய் என்று கேட்டால், 1999 முதல் 2001 வரை ஆடிய செயின்ட் லூயிஸ் ராம்ஸ். உங்கள் பட்டியலில் ஒன்பதாவதாக, ஒற்றை வரியில் இருப்பவர்கள். ஒரு சீசன் அடித்துவிட்டு அடங்குவது பலருக்கும் வாய்த்திருக்கிறது. இவர்கள் 526, 540, 503 என்று மூன்று சீசன் தொடர்ந்து ஐந்நூறைத் தாண்டினார்கள். அதற்கு முந்தைய வருஷம் நான்கு ஆட்டம் ஜெயித்துப் பன்னிரண்டில் தோற்ற அணி. 1999 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே முதல் குவார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீனுக்கு முழங்கால் போய்விட்டது. உள்ளே வந்தவர் கர்ட் வார்னர். சில வருஷம் முன்புவரை அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்ட்டில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர். (ராத்திரி ஷிஃப்ட்காரி என்பதால் எனக்கு இவர்மேல் ஒரு தனிப் பாசம், மறைக்கவில்லை.) வந்த வருஷமே 41 டச்டவுன், சூப்பர் பௌலில் 414 யார்டு, கோப்பையும் கையில்.

அடுத்த வருஷம் வார்னருக்குக் கை முறிந்து ஐந்து ஆட்டம் வெளியே. கிரீன் வந்து ஆடினார், அணி அப்போதும் 540 எடுத்தது. ஒரு ஆளை நம்பி ஓடிய வண்டி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த வருஷம் அவர்கள் தடுப்பணி விட்டுக்கொடுத்தது 471 என்பதையும் மறக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது தாக்குதலைப் பற்றி.

என் மனதை மாற்றியது மார்ஷல் ஃபால்க். அவர் ரன்னிங் பேக், அதாவது குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் நின்று பந்தை வாங்கிக்கொண்டு ஓட வேண்டியவர். அவருக்கான கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பார்த்தால், ஸ்னாப்புக்கு முன் மெல்ல நடந்து ஓரத்துக்குப் போய் ரிசீவராக நிற்பார். டிக்கை அழிக்க வேண்டும். தடுப்பணியில் ஒரு தடியர் அவர் பின்னாலேயே ஓடுவார், அந்த ஆள் காலி செய்த நடு இடத்தில் ஐசக் புரூஸோ டோரி ஹோல்ட்டோ புகுந்து பந்தை வாங்கிக்கொண்டு போவார். சில சமயம் ஃபால்க் போவதுபோல் போய்த் திரும்பி வருவார், மறுபடி டிக். ராம்ஸ் ஆட்டம் வந்தால் எனக்கு மற்ற ஆட்டங்களைவிட வெகு நேரம் பிடிக்கும். வீடியோவை நிறுத்தி வைத்துப் பார்க்கிற எனக்கே இந்தப் பாடு என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுக்க வேண்டிய தடுப்பாளர் பாவம் என்ன செய்வார்? 1999-இல் ஃபால்க் ஓடி எடுத்தது 1,381 யார்டு, பிடித்து எடுத்தது 1,048. அவருக்கு முன் ஒரே சீசனில் இரண்டிலும் ஆயிரம் தொட்டவர் ரோஜர் கிரெய்க் ஒருவர்தான். மூன்று வருஷமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது இந்த அணிக்கே வந்தது: வார்னர், ஃபால்க், மறுபடி வார்னர்.

1999 கோப்பையைக் காப்பாற்றியது இந்தத் தாக்குதல் அணி இல்லை என்று யாராவது பதில் கடிதம் போடுவார்கள், தெரியும். கடைசி ஸ்னாப்பில் டென்னசி ஆள் கெவின் டைசன் எல்லைக் கோட்டுக்குப் பந்தை நீட்ட, அவர் காலை இறுகப் பிடித்து ஒரு யார்டு தள்ளி நிறுத்தியவர் தடுப்பணியின் மைக் ஜோன்ஸ். 23-16. ஆனால் அதற்குச் சற்று முன் ஐசக் புரூஸுக்கு 73 யார்டு டச்டவுன் பாஸ் போயிருக்காவிட்டால் காப்பாற்ற அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

கடைசியாக இரண்டு கோரிக்கை. அடுத்த முறை இப்படிப் பட்டியல் போட்டால், எத்தனை ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி எவ்வளவு என்று பக்கத்தில் இரண்டு நெடுவரிசை சேருங்கள், இடம் பெரிதாகப் பிடிக்காது. அப்புறம், சூப்பர் பௌல் நம் நேரப்படி திங்கள் விடிகாலை ஐந்து மணிக்குத்தான் தொடங்கும். அன்றைய பதிப்புக்கு முடிவு கிடைக்காது என்பது புரிகிறது. செவ்வாய்க்கிழமையாவது புள்ளி விவரத்தோடு போடுங்கள். போன முறை அதையும் விட்டுவிட்டீர்கள்.

இப்படிக்கு,
வாசகி,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்.