மெத்தைக்கு அடியில் நான்கு திருகுகள்

அனுப்புநர்:
பேஸ் கிட்டார் கலைஞர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இசைக்கருவி இறக்குமதி மற்றும் விற்பனை நிறுவனம்,
சென்னை.

நாள்: 12.06.2025

பொருள்: 18.01.2025 அன்று தங்களிடம் வாங்கிய கையெழுத்து மாடல் பேஸ் கிட்டார் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாதது. பணத்தைத் திரும்பக் கோருவது தொடர்பாக.

ஐயா,

நின்று வாசிக்கும்போது கிட்டாரின் நெக், அதாவது தந்திகள் ஓடும் நீண்ட கழுத்து, கீழே சாய்கிறது என்ற என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய மூன்று வரிப் பதில் கிடைத்தது. நெக் பக்கம் சாய்வது இந்த வடிவத்தின் இயல்பு என்றும், அகலமான ஸ்ட்ராப் (தோளில் மாட்டும் பட்டை) மாட்டினால் சரியாகும் என்றும் எழுதியிருந்தீர்கள். மாட்டினேன். உள்பக்கம் சொரசொரப்பான தோல் வைத்த மூன்றரை அங்குல ஸ்ட்ராப், 1,400 ரூபாய். இப்போது கிட்டாரோடு சேர்ந்து என் சட்டையும் முன்னால் இழுபடுகிறது. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை காலரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு மேடையில் நிற்கிறேன்.

நான் 22 ஆண்டுகளாக பேஸ் வாசிக்கிறவன். முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழு, ஞாயிறு காலையில் தேவாலயம். ஐப்பசி, கார்த்திகைக் கச்சேரிகளில் கிடைத்த பணத்தை ஒதுக்கி வைத்து, தை பிறந்ததும் உங்கள் கடைக்கு வந்து 1,38,000 ரூபாய் கொடுத்தேன். அமெரிக்க ராக் கலைஞர் ஒருவரின் கையெழுத்து மாடல், அதாவது அவர் வாசிக்கும் கருவியைப் போலவே செய்து அவர் பெயரில் விற்பது. கன்னங்கரிய உடல், நெக்கின் முன்பக்கப் பலகையான ஃப்ரெட் போர்டில் வழக்கமான புள்ளிகளுக்குப் பதிலாக மின்னல் கீற்றுகள், முதுகில் குமிழ் ஆணி அடித்த தோல் மெத்தை, நெக்கின் நுனியான ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் வெள்ளி நிறத்தில் அவருடைய கையெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லாமல் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துதான் வாசித்துப் பார்த்தேன். நின்று பார்க்க ஸ்ட்ராப் கேட்டதற்கு, அது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார் உங்கள் விற்பனையாளர். காத்திருந்திருக்க வேண்டும். அவசரப்பட்டது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மே மாதம் ஒரு திருமண வரவேற்பில், பாட்டுக்கு நடுவே ஸ்வரத் தாளைப் புரட்ட இடது கையை எடுத்தேன். அவ்வளவுதான், நெக் சரிந்து ஹெட்ஸ்டாக் போய் மைக் ஸ்டாண்டில் இடித்தது. அந்தச் சத்தம் மண்டபம் முழுவதும் ஸ்பீக்கரில் கேட்டது. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது கையெழுத்தின் முதல் எழுத்திலேயே பெயிண்ட் பெயர்ந்திருந்தது.

குறை என்னிடம்தானோ என்று, என்னைப் போல் வாசிக்கிற நான்கு பேரிடம் இதைக் கொடுத்தேன். மெட்டல் குழுவில் இருக்கும் இளைஞர் ஒருவர் ஒரு வாரம் வைத்திருந்தார். பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) வைத்து வேகமாக அடிக்கும்போது இதன் உறுமல் வேறெதிலும் வராது, எடைக்கும் சாய்வுக்கும் உடம்பு பழகிவிடும் என்றார். அவருக்கு வயது 23. தேவாலயத்தில் என்னோடு மாறி மாறி வாசிப்பவர், விரலால் மெதுவாக வாசித்தால் கீழ் இ தந்தி உருண்டு வராமல் மத்தளம் போல மொத்துகிறது, பாடகர் குழுவுக்குக் கீழே அமரவில்லை என்றார். ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வாசித்த மூத்தவர் பத்து நிமிடம் வாசித்துவிட்டு, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்அப் நன்றாக இருக்கிறது, டியூனிங் நிற்கிறது, ஆனால் “பேட்டரி எங்கே, எப்படி மாற்றுவது?” என்று கேட்டார். 9 வோல்ட் பேட்டரியை மாற்ற நான்கு சிறிய ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். மேடையில் பேட்டரி தீர்ந்தால் அதற்குள் அடுத்த பாட்டே முடிந்துவிடும். நான்காமவர் நின்றபடி ஒரு படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார். படம் பிரமாதமாக வந்திருந்தது.

சாய்வுக்காக மட்டும் நான் பணத்தைத் திரும்பக் கேட்கமாட்டேன். 1951இல் வந்த ஃபெண்டர் நிறுவனத்தின் ப்ரிசிஷன் பேஸில் உடலின் மேல் கொம்பு நீண்டு, ஸ்ட்ராப் மாட்டும் பொத்தான் நெக்கில் கிட்டத்தட்ட 12ஆம் ஃப்ரெட் (குறுக்குக் கம்பி) வரை வந்து நிற்கும்; அதனால் எடை சமன்படுகிறது. என் கிட்டாரைப் போன்ற பறவை வடிவ உடலில் அந்தக் கொம்பு இல்லை. பொத்தான் பின்தங்கி இருக்கும், ஹெட்ஸ்டாக்கில் தந்தியை முறுக்கும் நான்கு பெரிய கீகள் தொங்கும், நெக் கீழே போகும். 1963இல் கிப்சன் நிறுவனத்தின் தண்டர்பேர்டு பேஸுக்காக அந்த வடிவத்தை வரைந்தவர் கார் வடிவமைப்பாளர் ரே டீட்ரிக். அந்த வகையை விரும்புகிறவர்கள் சாய்வைத் தெரிந்தே வாங்குகிறார்கள். தந்திகளின் நீளமான ஓசைக்காக என்பார்கள். நெக் மரமே உடலின் மறுமுனை வரை ஒரே துண்டாக ஓடும் நெக்-த்ரூ கட்டமைப்புதான் அதற்குக் காரணம் என்றும் சொல்வார்கள். உங்கள் விளம்பர அட்டையிலும் அதைத்தான் அச்சிட்டிருந்தீர்கள்: “அவர் மேடையில் வாசிக்கும் அதே நெக்-த்ரூ கிட்டார்.”

அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சென்னையின் மே மாதம் உங்களுக்குத் தெரியும். வியர்வையில் முதுகு மெத்தையின் பசை இளகி ஒரு மூலை தூக்கிக்கொண்டது. மறுபடி ஒட்டலாம் என்று முழுவதும் உரித்தேன். அடியில் ஒரு செவ்வக உலோகத் தகடு, அதில் நான்கு திருகுகள். ஒன்றைத் தளர்த்திப் பார்த்தேன். சந்தேகமே இல்லை; நெக் தனி, உடல் தனி, திருகிப் பொருத்தியது. முன்பக்கம் நெக் ஓடுவதுபோல் தெரிந்த இரண்டு கோடுகளும் பெயிண்ட்டின் மேல் வரைந்தவை. பெல்ட் பக்கெல் உரசாமல் காக்கும் மெத்தை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அது எதைக் காத்துக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் புரிந்தது.

திருகு நெக் மட்டமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஃபெண்டரின் ப்ரிசிஷனும் ஜாஸ் பேஸும் திருகு நெக்தான். அவற்றை வைத்துத்தான் பாதி உலகம் வாசிக்கிறது. ரஷ் என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் கெடி லீ அடகுக் கடையில் வாங்கிய 1972ஆம் ஆண்டு ஜாஸ் பேஸை மாதிரியாக வைத்துத்தான் ஃபெண்டர் அவர் பெயரில் கையெழுத்து மாடல் செய்தது. அவர் கையில் இருந்ததும் திருகு நெக், கடைக்கு வந்ததும் திருகு நெக். திருகு நெக் என்று சொல்லி நீங்கள் விற்றிருந்தால், நான் 60,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசு கொடுத்திருக்கமாட்டேன். உங்களுக்கும் இந்தக் கடிதத்தைப் படிக்கும் வேலை இருந்திருக்காது.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது, மெத்தையை உரித்ததால் உத்தரவாதம் செல்லாது என்றார் உங்கள் ஊழியர். ஒட்டிய பொருள் தானாகப் பெயர்ந்தது உத்தரவாதத்துக்குள் வராதா என்று கேட்டேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். மூன்று வாரமாகிறது.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கிட்டாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 1,38,000 ரூபாயை என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். அல்லது விளம்பரத்தில் சொன்ன நெக்-த்ரூ கிட்டாரைக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ராப்புக்கான 1,400 ரூபாயை விட்டுக்கொடுக்கிறேன். கடை வாசலில் இன்னும் நிற்கும் அந்த அட்டையையும் எடுத்துவிடுங்கள். போன சனிக்கிழமைகூட ஒரு கல்லூரிப் பையன் அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் தவறான விளம்பரம் என்று மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை என்பதையும் விசாரித்துக்கொண்டேன். பில் நகல், விளம்பர அட்டையின் படம், தகட்டையும் திருகுகளையும் காட்டும் ஆறு படங்கள் இதனுடன் இருக்கின்றன.

கிட்டாரை நேரில் பார்க்க ஆள் அனுப்புவதானால், ஞாயிறு காலை தவிர எந்த நாளும் வரலாம். மெத்தையை மறுபடி ஒட்டவில்லை. ஜூலை 17 அன்று ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் கல்யாணக் கச்சேரி கிடையாது. நான் வீட்டில்தான் இருப்பேன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு இரவல் கிட்டார் கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க விருப்பமில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்