டிவிஎஸ் 50-இல் வந்த அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிறு மதியம் உளுந்தூர்பேட்டை தாண்டி, ரோட்டோரம் ஆவி கக்கி நின்ற வெள்ளை மாருதி 800 என்னுடையதுதான். 1998 மாடல், கார்புரேட்டர் வண்டி. தப்பும் என்னுடையதே. ரேடியேட்டர் ஹோஸ் (எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய்) நுனியில் வெடிப்பு விட்டிருந்ததைப் பார்த்தும் மாற்றாமல் கிளம்பிவிட்டேன்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனவனை, "கை வெந்துடும் தம்பி, ஆறட்டும்" என்று தடுத்தீர்கள். அரை மணி நேரம் வேப்பமர நிழலில் பேச்சு. மார்கழிக் குளிரில் அப்பா சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வது, அந்தச் சின்ன வண்டிக்குள் எட்டுப் பேர் பழநி போனது (ஏசி போட்டால் மேடு ஏறாது!), எல்லாம் உளறினேன். "2014-லயே தயாரிப்பை நிறுத்திட்டாங்களே, விக்கலையா?" என்றீர்கள். நான் கிளட்ச் பழகிய வண்டி, எப்படி விற்பது?

அப்புறம் கிழிந்த நுனியை ஒரு அங்குலம் அறுத்து, மிச்சத்தை இழுத்து மாட்டி, கிளாம்பை இறுக்கி, தண்ணீர் ஊற்றினீர்கள். டெம்பரேச்சர் முள்ளையே பார்த்தபடி திருச்சி வந்து சேர்ந்தேன்.

காசும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி அண்ணே. புது ஹோஸ் போட்டாச்சு. உங்கள் மஞ்சள் பிடி ஸ்க்ரூடிரைவர் என் சீட்டுக்கடியில் கிடக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.