புகார் மனு எழுதும் சாந்திக்கு

அன்புள்ள சாந்தி,

சென்னையிலிருந்து நீ எழுதிய கடிதமும், அதோடு வைத்திருந்த பஸ் புகார் மனுவின் நகலும் வந்து சேர்ந்தன. முதலில் இங்கத்து சேதி. மூட்டு வலி அப்படியேதான். டாக்டர் சொன்ன நடைப்பயிற்சியை மதுரை வெயிலைச் சாக்கு வைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். அதைக் கடிதத்தில் எழுதி முடியாது.

சரி, மனுவுக்கு வருகிறேன். உங்கள் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பதே பெரிய விஷயம். ஆனால் இதை இப்படியே கொடுத்தால் என்ன பதில் வரும் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். ‘சம்பந்தப்பட்ட ஓட்டுநர், நடத்துநருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டுள்ளது.’ போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்த காலத்தில் டிராஃபிக் செக்‌ஷனில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எத்தனை தாளில் அடித்திருப்பேன்! அது பொய்யில்லை, அறிவுரை வழங்கத்தான் செய்வார்கள். ஆனால் நீங்கள் கேட்பது சாயங்காலம் பஸ் ஏன் வருவதில்லை என்று. பதிலில் இருப்பதோ யாரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள் என்று.

புகார் என்று வந்தாலே ‘யார் டியூட்டி?’ என்று பார்ப்பதுதான் எந்தப் போக்குவரத்துக் கழகத்திலும் பழக்கம். ஆள் கிடைத்தால் விளக்கம் கேட்டு ஒரு மெமோ, அதற்கு ஒரு பதில், ஃபைல் முடிந்தது. வராத பஸ்ஸுக்கு டிரைவரும் கிடையாது கண்டக்டரும் கிடையாது, மெமோவை யாருக்குக் கொடுப்பது? அதனால் ‘பஸ் வரவில்லை’ என்கிற புகார்தான் அதிகம் வரும், அதற்குத்தான் சரியான பதிலும் போகாது. நடத்துநர் மரியாதை இல்லாமல் பேசினார் என்று எழுதினால் ஒரு வாரத்தில் விசாரணை நடக்கும்.

‘அரை மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் மூன்று சேர்ந்து வரும், டிரைவர்கள் டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டீக்கடையை எடுத்துவிடு. முதல் வண்டி எங்கோ ஒரு சிக்னலில் கொஞ்சம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் கூடுதலாக ஆள் சேர்ந்துவிடுகிறது. எல்லோரும் ஏறி, கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிப்பதற்குள் இன்னும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்கிறது. டிரைவர்கள் எவ்வளவு யோக்கியமாக ஓட்டினாலும், யாரும் தலையிடாவிட்டால் இது நடக்கும். முனையத்தில் டைம் கீப்பர் இருப்பது இதைக் கவனித்துப் பிரித்து விடத்தான்.

இதில் பயணிக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார். ஒரு மணி நேரத்துக்கு 6 வண்டி என்று வைத்துக்கொள். 10 நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், ஸ்டாப்புக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் நிற்பார். அதே 6 வண்டி இரண்டிரண்டாக வந்தால் 10 நிமிடம். மூன்று மூன்றாக வந்தால் 15. அலுவலகக் கணக்கில் மூன்றுமே ஒன்றுதான்: 6 நடை (டிரிப்) இயக்கப்பட்டது, கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, டீசல் சரியாக இருக்கிறது. நீ நின்ற நேரம் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது.

இதோடு உங்கள் பக்கம் மெட்ரோ வேலை வேறு. இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். அதில் மாதவரத்திலிருந்து கிளம்பும் இரண்டு வழித்தடங்கள் உங்கள் பக்கம்தான் வருகின்றன, ஒன்று பழைய மகாபலிபுரம் சாலை வழியாக, இன்னொன்று மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு. சாலையைப் பாதியாகச் சுருக்கிவிட்டு, ஒரு நடைக்கு ஒதுக்கும் நேரத்தை, அதாவது ரன்னிங் டைமை, பழையபடியே வைத்திருந்தால் எந்த டிரைவரால் நேரத்துக்குப் போக முடியும்? ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் சேர்ந்து, டீ குடிக்கிற நேரத்தையும் தின்றுவிட்டு, கடைசியில் டியூட்டி நேரம் முடிந்துவிடும். அப்போது சாயங்கால நடை ஒன்று கட் ஆகும். ஷெட்யூல் போடுகிறவர் மதியமே அதை எதிர்பார்த்திருக்கலாம். ஸ்டாப்பில் நிற்கிற உனக்கு யார் சொல்வது?

உங்கள் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போகிறார்கள் என்பதில் மட்டும் நான் டிரைவர் பக்கம் பேசமாட்டேன். அது தப்புத்தான். தாமதமாகிவிட்டது, வண்டி நிறைந்துவிட்டது என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனாலும் பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப்பைத் தாண்டிப்போய் நிறுத்துவது வேறு விஷயம். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்த பிறகு, எல்லா நிறுத்தத்திலும் நிறுத்துங்கள், பெண்களிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்று மாநகர் போக்குவரத்துக் கழகம் சுற்றறிக்கையே விட வேண்டி வந்தது. ‘ஓசி’ என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று தெரிவதில்லை. கழகத்துக்கு இது ஓசி இல்லை. அந்தக் கட்டணத்தை அரசு கொடுக்கிறது, முதல் வருடமே 1,200 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். மாநிலத் திட்டக்குழு பார்த்த கணக்கில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது சின்னக் காசா?

அதனால் உங்கள் ஆட்களிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல். கண்டக்டர் கொடுக்கிற கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ‘காசில்லைதானே, டிக்கெட் எதுக்கு’ என்று விடக்கூடாது. அந்தச் சீட்டில்தான் நீங்கள் பயணம் செய்ததே பதிவாகிறது. உங்கள் தடத்தில் கூட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கும் அதுதான் சாட்சி. தடம், தேதி, நேரம் எல்லாம் இருக்கும், புகார் எழுதும்போது தடுமாற வேண்டாம்.

பெரும்பாக்கத்திலிருந்து மின்சாரப் பஸ்கள் வந்த பிறகு நிலைமை தேவலை என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அது வேறு மாதிரி ஏற்பாடு. வண்டியும் டிரைவரும் தனியார் கம்பெனியுடையது, கண்டக்டர் கழகத்து ஆள். கம்பெனிக்கு ஓடின கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம். அங்கே டிரைவருக்குக் கழகம் மெமோ கொடுக்க முடியாது. ஒப்பந்தப்படி கம்பெனியிடம்தான் பிடித்தம் செய்ய வேண்டும். இது நல்லதற்கும் போகலாம், கெட்டதற்கும் போகலாம். லண்டனில் பஸ்களைத் தனியார்தான் ஓட்டுகிறார்கள். அடிக்கடி பஸ் ஓடும் தடங்களில், அட்டவணைப்படி நிற்க வேண்டியதற்கு மேல் பயணி சராசரியாக எத்தனை நிமிடம் கூடுதலாக நின்றார் என்று அளக்கிறார்கள். அதை வைத்துத்தான் கம்பெனிக்கு ஊக்கத்தொகையும் பிடித்தமும். அந்தக் கணக்கு வந்துவிட்டால், மூன்று பஸ் சேர்ந்து ஓடுவதில் கம்பெனிக்கும் நஷ்டம். வெறும் கிலோமீட்டருக்கு மட்டும் காசு என்றால் சேர்ந்து ஓடினாலும் லாபம்தான்.

நம் ஊரில் அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2022-லேயே ‘சென்னை பஸ்’ செயலி வந்து, வண்டி எங்கே வருகிறது என்று போனில் தெரிய ஆரம்பித்தது. 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ வந்து, பஸ், மெட்ரோ, புறநகர் ரயிலுக்கு ஒரே டிக்கெட் என்றும் ஆகிவிட்டது. வண்டி எங்கே என்று எனக்குக் காட்டுகிறவர்களுக்கு, நேற்று எந்த நடை ஓடவில்லை என்பதும் தெரியும்தானே?

ஆகவே மனுவில் ‘கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்கிற பத்தியை அடித்துவிடு. அதைப் பார்த்த உடனே கிளார்க்கின் கை அந்தப் பழைய வரியைத் தானாகத் தேடும். அதற்குப் பதிலாக, உங்களில் சிலர் முறை வைத்துக்கொண்டு, சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை எந்தத் தட எண் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவரிடம் கொடு, நோட்டு ஒழுங்காக இருக்கும். அதன் நகலை இணைத்து, இந்த நேரத்தில் அட்டவணைப்படி எத்தனை நடை, அதில் ஓடினது எத்தனை, மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு ரன்னிங் டைம் மாற்றினீர்களா என்று கேள். கிளை மேலாளர் பதில் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதே கேள்விகளைப் போடு, 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அன்றாடச் சின்னப் புகார்களுக்குக் கழகத்தின் உதவி எண் 149 இருக்கிறது, கூப்பிடலாம். ஆனால் அட்டவணையை மாற்ற வைப்பது போன் புகாரில் நடக்காது.

படி உயரமாக இருக்கிறது என்ற பத்தியைத் தனி மனுவாக எழுதுங்கள், இதோடு கலந்தால் இரண்டும் கெடும். தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டிலிருந்து ஓடுகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்காக நீதிமன்றம் வரை போய்ப் போராடியவர்களுக்கு அதில் பெரிய பங்கு. உங்கள் தடத்துக்கும் அப்படி ஒன்றிரண்டு வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

உன் வீட்டுக்காரருக்கு 60 தாண்டிவிட்டதே, மூத்த குடிமக்கள் டோக்கன் வாங்கிவிட்டாரா? மாதத்துக்கு 10 டோக்கன், ஆறு மாதத்துக்குச் சேர்த்தே கொடுப்பார்கள். ஏ.சி. பஸ்ஸில் செல்லாது. நீயும் வாங்கிக்கொள், சொகுசுப் பேருந்து வந்தால் வெள்ளைப் பலகை போட்ட சாதாரணக் கட்டண பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, ஆதார் நகல், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகச் சொல். போட்டோவில் முகம் தெரிய வேண்டும், அந்தக் கல்யாண போட்டோவை வெட்டிக் கொடுத்துவிடப் போகிறார்.

அன்புடன்,
மீனா